ஆள் இல்லாத பேக்கேஜ்

அந்தப் பையைக் காலடியில் வைக்காதீர்கள் தம்பி. தக்கலை போனால் மீன்கூடையோடு ஆட்கள் ஏறுவார்கள், தண்ணீர் ஒழுகும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே லேப்டாப்தானே? பையைப் பார்த்தாலே தெரியும். என் மகனும் இதே மாதிரிதான் ஒன்று வைத்திருந்தான். வார் ஒரு பக்கம் பிய்ந்துபோய் அவன் அம்மா தைத்துக் கொடுத்திருந்தாள்.

நானும் திருவனந்தபுரம்தான். அங்கே ஒருத்தனைப் பார்க்க வேண்டும். கிளீட்டஸ் என்று பெயர். உங்கள் மாதிரி கம்ப்யூட்டர் வேலை. உங்களுக்குத் தெரிந்திருக்காது, அங்கே நீங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறீர்கள். அவன் என் மகனுக்குக் கூட்டுக்காரன், சிநேகிதன். எனக்கு ஆகாதவன். ஆகாதவனைப் பார்க்க ஏன் போகிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? சொல்கிறேன். மார்த்தாண்டத்தில் வண்டி எப்படியும் அரைமணி நேரம் நிற்கும்.

நான் அஞ்சாம் வகுப்பு. முப்பத்தொரு வருஷம் நாகர்கோவிலில் கேஸ் சிலிண்டர் போட்டேன். கால் முட்டு தேய்ந்த பிறகு விட்டுவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு வீட்டில்கூட என் பெயரைக் கேட்டதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. வெட்டூர்ணிமடத்தில் ஒரு வாத்தியார் வீட்டுக்குப் பத்தொன்பது வருஷம் போட்டேன். கடைசி வரைக்கும் அவருக்கு நான் "ஏ சிலிண்டர்"தான். அவர் செத்ததற்கு நான் போகவில்லை. பெயர் ராஜையன். கேட்டால் சொல்லியிருப்பேன்.

மகன் பெயர் அஜின். ஒரே பிள்ளை. சுங்கான்கடையில் ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் அவர்கள் ஆபீஸ். கிளீட்டஸும் இவனும் அங்கே ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். இவன் ஒரு சாமான் செய்தான். உங்களுக்குத் தெரிந்ததையே நான் சொன்னால் சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டரில் தேதி கேட்கும் இல்லையா, தொட்டால் ஒரு பெட்டி திறந்து ஒன்று முதல் முப்பத்தொன்று வரை காட்டும். அந்தப் பெட்டிதான். எங்கள் ஊரில் ஒரு மனுஷனுக்கு மூன்று மாதக் கணக்கு. பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் மாதம், கோயிலுக்குத் தமிழ் மாதம், பழைய ஆட்களுக்கு மலையாள மாதம். இவன் செய்த பெட்டியில் இங்கிலீஷ் தேதிக்குக் கீழே மற்ற இரண்டும் பொடியாகத் தெரியும். நாள்பெட்டி என்று பெயர் வைத்தான். அவன் அம்மா தினமும் காலையில் "இன்னைக்கு மலையாளம் எத்தனைடே" என்று கேட்பாள். அந்தத் தொல்லையில் செய்தது என்பான்.

செய்ததைப் பொதுக் கிட்டங்கி ஒன்றில் கொண்டு வைத்தான். வெளிநாட்டில் இருக்கிறதாம், உலகத்துக்கே பொதுவான குடோன். அங்கே இந்த மாதிரிச் சின்னச் சின்னச் சாமான்கள் லட்சக்கணக்கில் கிடக்கும். பேக்கேஜ் என்பீர்கள். ஒருத்தன் ஒரு வெப்சைட் செய்தால் எல்லாவற்றையும் அவனே செய்கிறதில்லை. இன்ன பேக்கேஜ், இன்ன நம்பர் என்று ஒரு லிஸ்ட் எழுதி வைத்துக்கொள்கிறான். வெப்சைட்டை ஆட்கள் பார்க்கிற இடத்தில் ஏற்றும்போது அந்த லிஸ்டைக் காட்டி எல்லாவற்றையும் கிட்டங்கியிலிருந்து இறக்கிக்கொள்கிறான். டெப்லாய் என்பீர்களே, அதுதான். சரியா? பார்த்தீர்களா. சிலிண்டர் போட்டவனுக்கு இது விளங்காதா?

எவ்வளவு தருவார்கள் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அதில் என் பெயர் இருக்கும் என்றான். பெயர் இருக்குமாம். எனக்குப் பிடிக்கவில்லை.

பார்வதிபுரம் இப்போது தாண்டினோமே, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணீர் லாரி நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டே கால் வருஷம் ஆகிறது. காலையில் இட்லிக்கு உட்கார்ந்தவனுக்கு போன் வந்தது. கிளீட்டஸ். இவன் பாதியில் எழுந்து போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தனை வேலைக்குக் கூப்பிடுகிறவன் மனுஷனா? கூப்பிட்டதால்தானே போனான்? போனதால்தானே அந்த லாரி? ரெத்தினபாய், என் வீட்டுக்காரி, அவள் வேறு மாதிரிச் சொல்வாள். நீ வரவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் அவன் கூப்பிட்டான், ஸ்பீக்கரில் என் காதாலே கேட்டேன் என்பாள். அவளுக்கு யாரையும் குறை சொல்லத் தெரியாது. நானும் அன்று ஒரு வார்த்தை சொன்னேன்தான். ஊரானுக்குச் சும்மா கொடுக்கிறதற்குப் பெயர் வேலையா, தின்கிற சோற்றுக்காவது ஆகுமா என்றேன். எல்லா வீட்டிலும் அப்பன் சொல்கிறதுதான். அது இருக்கட்டும். விஷயம், அவன் கூப்பிட்டான்.

சாவுக்குக் கிளீட்டஸ் வந்தான். நான் முகம் பார்க்கவில்லை. தலைமாட்டில் நின்றுகொண்டு அழுதான். இரண்டு பேர் வந்து அவனைத் தாங்கிப் பிடித்தார்கள். என்னை யாரும் பிடிக்கவில்லை, நான் அழாமல் நின்றேன்.

பதினாறு கழிந்து வீட்டுக்கு வந்தான். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். ரெத்தினபாயிடம் என் போனை வாங்கி என்னவோ செய்தான். பிறகு வாசலில் நின்றபடி எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னான். "மாமா, இதத் தொட்டாப் போதும். அஜினுக்க பேரு வரும். இந்த வாரம் நாள்பெட்டிய எத்தனை தடவை எடுத்திருக்காவன்னு நம்பர் வரும்." கொன்றவனே படம் மாட்டிக் கொடுக்கிறான் என்று நினைத்தேன்.

அவன் போன பிறகு தொட்டுப் பார்த்தேன். இங்கிலீஷில் அவன் பெயர் வந்தது. வலது பக்கம் ஒரு நம்பர். அறுபத்தொன்று.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் ரெத்தினபாய் கட்டன் சாயாவோடு வந்து பக்கத்தில் உட்காருவாள். எத்தனை என்பாள். நான் தொட்டுப் பார்த்துச் சொல்வேன். ஐம்பத்திரண்டு. நாற்பத்திநான்கு. நாற்பத்தெட்டு. ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும். இந்த நாற்பத்தெட்டு பேரும் எந்த ஊராக இருப்பார்கள் என்று பேசிக்கொள்வோம். அவள் மலேசியா என்பாள். எங்கள் ஆட்கள் ரப்பருக்குப் போய் அங்கேயே தங்கியவர்கள் உண்டு, மலையாள மாதம் பார்ப்பார்கள் என்பாள். நான் துபாய் என்பேன். பிள்ளை செத்த வீட்டில் வேறு என்ன பேசுவீர்கள்? மற்ற நாள் அவள் சரியாகச் சாப்பிடமாட்டாள். சனிக்கிழமை இரண்டு தோசை தின்பாள். நான் எண்ணியிருக்கிறேன்.

இப்படி இரண்டு வருஷம். இப்படியே போயிருக்கலாம்.

போன தை மாதம் அவளுக்கு சுகர் பார்க்க ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் வேண்டாம். அங்கே சீட்டுக் கொடுக்கிற பெண் அடுத்த தேதி போட கம்ப்யூட்டரைத் தொட்டாள். பெட்டி திறந்தது. கீழே பொடி எழுத்தில் தை ஒன்பது, மகரம் ஒன்பது. அஜினுடைய நாள்பெட்டி. ரெத்தினபாய் எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டாள். இது யார் செய்தது மக்களே என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கிளீட்டஸ் சார் என்றாள்.

கேட்டீர்களா? கிளீட்டஸ் சார்.

ரெத்தினபாய் சிரித்தாள் தம்பி. நல்லா இருக்கு மக்களே என்று சொல்லிவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு நடந்தாள். எனக்கு அங்கேயே கோபமும் வெப்ராளமுமாக வந்தது. பிள்ளையையும் கொண்டுபோனான், பிள்ளை செய்ததையும் கொண்டுபோய் அவன் பெயரில் விற்கிறான். பஸ்ஸில் வரும்போது அவளிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் நான் சுங்கான்கடை ஆபீசுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவன் இல்லை. ஷைனி என்று ஒரு பெண் இருந்தாள், புதிதாகச் சேர்ந்தவள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் தேதிப்பெட்டி பார்த்தேன், நன்றாக இருந்தது, யார் செய்தது என்று நல்லவிதமாகக் கேட்டேன். அவள் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துப் பேசினாள். நல்ல பெண்தான். அவள் சொன்னது என்னவென்றால், அது அவர்கள் செய்தது இல்லையாம். வெளியே கிட்டங்கியிலிருந்து எடுப்பதாம்.

"அது ஆள் இல்லாத பேக்கேஜ் அங்கிள்" என்றாள். "செஞ்சவரு இப்ப இல்ல. ரெண்டு வருஷமா கேக்க ஆளில்லாமக் கெடக்கு."

உங்கள் தொழிலில் அப்படிச் சொல்வது வழக்கம் என்று பிறகு ஒரு லேப்டாப் கடைக்காரன் சொன்னான். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத சாமானை அப்படித்தான் சொல்வீர்களாம். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும்தான் என்ன. ஆள் இல்லாதது. நான் அவள் முன்னால் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் என்னைப் பார்த்துச் சொல்கிறாள்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். சிலிண்டர்க்காரன் கேட்கிற கேள்விதான். கிட்டங்கியில் அது இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள்? அவள் கையை விரித்தாள். அதைத்தான் நாங்களும் ஒரு வருஷமாகச் சொல்கிறோம் என்றாள். ஒவ்வொரு தடவையும் பழையதை அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக இறக்குகிறார்களாம். அந்தப் பெட்டியை மட்டும் ஒரு காப்பி எடுத்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்துவிட்டால் வெளியே போகவேண்டியதே இல்லை, பத்து நிமிஷ வேலை. மீட்டிங்கில் முதலாளியே சொல்லியாகிவிட்டது. கிளீட்டஸ் அண்ணன் மட்டும் கேட்கமாட்டேன் என்கிறார், ஏதாவது வந்தால் நான் பொறுப்பு என்று எழுதியே கொடுத்திருக்கிறார், அந்த ஒரு விஷயத்தில் என்ன பிடிவாதமோ என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஒற்றைச் சிலிண்டர் வீடுகளை எனக்குத் தெரியும் தம்பி. டபுள் சிலிண்டர் வாங்கச் சொன்னால் வாங்கமாட்டார்கள். விருந்தாள் வந்திருக்கிற அன்று அடுப்பு அணையும். அப்போது என் போனுக்கு அடிப்பார்கள், கெஞ்சுவார்கள். கிளீட்டஸும் அப்படி ஒரு வீடுதான் என்று நினைத்தேன். மெத்தனம். செத்தவன் சாமான்தானே, எங்கே போய்விடும் என்கிற மெத்தனம்.

ஆள் இல்லையா? இருக்கிறேன். தாலுகா ஆபீஸில் மூன்று மாதம் நடந்து வாங்கிய வாரிசு சர்டிபிகேட் வீட்டில் இருக்கிறது. அஜினுக்கு வாரிசு ராஜையன், ரெத்தினபாய். கோபுரச் சீல் வைத்திருக்கிறது.

டென்சிங் என்று ஒருத்தன் வடசேரியில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அஜினுடைய லேப்டாப்பை அவனிடம் கொண்டுபோனேன். கூடவே சர்டிபிகேட்டும். அவன் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் இதற்கு வேண்டாம் அண்ணாச்சி என்றான். லேப்டாப் திறந்தது. பாஸ்வேர்டு அஜின் அம்மா பெயர்தான், எங்களுக்குத் தெரியும். அந்தக் கிட்டங்கிப் பக்கமும் திறந்தது. கேட்ட ஒரு நம்பர் அஜினுடைய போனுக்கு வந்தது. அந்த போனுக்கு நான் இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

டென்சிங் இரண்டு தடவை கேட்டான். அண்ணாச்சி, இதை எடுத்தால் இந்த நம்பரைத் திரும்பப் போட விடமாட்டான், வேறு நம்பரில்தான் போடலாம், யோசித்துக்கொள்ளுங்கள் என்றான். அஜின் கடைசியாக வைத்த நம்பர் இரண்டு புள்ளி மூன்று புள்ளி ஒன்று. எல்லாரும் எடுக்கிற சாமானாக இருந்தால் எடுக்கவே விடாதாம். இது கொஞ்சம் பேர் எடுப்பது, அதனால் விட்டது. இந்தக் கொஞ்சம் பேரும் ஏமாறட்டும் என்றேன்.

கடைசியில் அந்தப் பெயரை முழுதாக எழுதச் சொல்லிக் கேட்டது. எடுக்கப்போகிற சாமானின் பெயரை நம் கையாலேயே எழுதினால்தான் எடுக்குமாம். டென்சிங் எழுதப் போனான். தள்ளு என்று சொல்லி நான் உட்கார்ந்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றொன்றாகத் தேடித்தான் வரும். ஒரு விரலால் எழுதினேன். டென்சிங் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எழுத்தாக, நாள்பெட்டி. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். பிறகு தொட்டேன். போய்விட்டது. சத்தம் ஒன்றும் இல்லை.

அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் கிளீட்டஸ் ஆஸ்பத்திரி வெப்சைட்டில் என்னவோ சின்னத் திருத்தம் செய்து ஏற்றியிருக்கிறான். பழையது அழிந்தது, புதியது இறங்கவில்லை. லிஸ்டில் இருந்த அந்த நம்பர் கிட்டங்கியில் இல்லை. தேதி போடுகிற பக்கமே வெள்ளையாக நின்றிருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நாள் குறிப்பதும் அதில்தான். முன்னாடியே நாள் குறித்தவர்கள், அன்று குறிக்க வந்தவர்கள், யாருக்கு எந்த நேரம் என்று தெரியாமல் மத்தியானம் வரைக்கும் கலாட்டா. எல்லாரும் வயசானவர்கள். வராந்தாவில் பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களாம். டென்சிங்தான் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் யாரையும் தரையில் உட்காரச் சொல்லவில்லை தம்பி. என் சாமானை நான் எடுத்தேன்.

சாயங்காலத்துக்குள் ஷைனியும் மற்றவர்களும் என்னவோ செய்து நிமிர்த்திவிட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்காரன் வேலையை வேறு ஆபீஸுக்கு மாற்றிவிட்டான். முதலாளி, எழுதிக் கொடுத்த கடுதாசியை எடுத்துக் காட்டி, கிளீட்டஸை வேலையை விட்டு அனுப்பிவிட்டான்.

சந்தோஷப்பட்டேனா என்று கேட்பீர்கள். பட்டேன். பொய் சொல்லக்கூடாது. சனிக்கிழமை வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

சனிக்கிழமை ரெத்தினபாய் கட்டன் சாயாவோடு வந்து உட்கார்ந்தாள். எத்தனை?

நான் இதை யோசிக்கவே இல்லை தம்பி. நம்புவீர்களா? எடுத்தால் நம்பரும் போகும் என்று ஒரு குழந்தைக்குத் தெரியும். கிளீட்டஸுக்கு அணைய வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். என் வீட்டு அடுப்பும் அதே சிலிண்டரில்தான் எரிந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. போனைத் தொட்டேன். அவன் பெயர் இல்லை. என்னவோ இங்கிலீஷில், இல்லை என்று வந்தது. அவள் டம்ளரை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நாற்பத்திரண்டு என்றேன்.

அன்று மத்தியானம் கிளீட்டஸ் வந்தான். ஆபீஸிலிருந்து சாமான்களை எடுத்துக்கொண்டு வந்த வழி போல, பைக்கின் முன்னால் ஒரு அட்டைப்பெட்டி. நான் இந்தத் தடவை உள்ளே போகவில்லை. வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவன் ரெத்தினபாயிடம்தான் பேசினான். திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே போகிறேன் அத்தை என்றான். பழைய வேலை போனது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வைத்தாள், தின்றான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கிளம்பினபோது கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன்.

அவனே மெதுவாகச் சொன்னான். "அஜினுக்க அக்கவுண்ட்ல இருந்துதான் போயிருக்கு மாமா. நான் ஆருகிட்டயும் சொல்லல்ல."

"சொல்லு. எனக்கென்ன பயம்?" என்றேன். "எனக்க பிள்ளைக்க சாமான நான் எடுத்தேன். நீ ஏம்ல ஒரு காப்பி எடுத்து வைக்கல்ல? அந்தப் பெண்ணு ஒரு வருஷமாத் தலபாடா அடிச்சிருக்கா. ஒத்த சிலிண்டர வச்சு ஆஸ்பத்திரி நடத்தின ஆளு லோகத்துல நீ ஒருத்தன்தான்."

அவன் பைக்கில் உட்கார்ந்தபடி அந்த அட்டைப்பெட்டியை நேராக வைத்தான். "காப்பி எடுத்து உள்ள வச்சா அங்க போக வேண்டாம்லா மாமா" என்றான். "அங்க போய் எடுத்தாத்தான் நம்பர் ஏறும். ரெண்டு வருஷமா வேற ஆரும் எடுக்கல்ல. நான் மட்டும்தான். நானும் நிப்பாட்டியிருந்தா சனிக்கிழமை அத்தைகிட்ட நீங்க என்னத்தச் சொல்லியிருப்பிய?"

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு உடனே விளங்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்திரண்டு. நாற்பத்திநான்கு. நாற்பத்தெட்டு. ஒவ்வொரு தடவையும் அவன் எதையாவது திருத்தி, எதையாவது ஏற்றி, அந்த லிஸ்டைக் காட்டி, அங்கே போய் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். மலேசியாவும் இல்லை, துபாயும் இல்லை. சுங்கான்கடை. எங்கள் வீட்டிலிருந்து மினி பஸ்ஸில் நான்கு ஸ்டாப்.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். அவன் என்னிடம் சொல்லியிருக்கலாமா, இல்லையா? ஒரு வார்த்தை. மாமா, நான்தான் எடுக்கிறேன், கைவைத்துவிடாதீர்கள் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் நான் டென்சிங் கடைக்குப் போயிருப்பேனா? நான் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பேசாவிட்டால் என்ன, கடுதாசி எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யத் தெரிந்தவனுக்கு இது தெரியாதா? அவன் மேல் எனக்கு ஏற்கனவே ஒரு கோபம். இப்போது இரண்டு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் நம்பர் சொல்லிக்கொண்டு வந்தேன். முப்பத்தொன்பது. நாற்பத்தாறு. ஒரே மாதிரிச் சொல்லக்கூடாது இல்லையா, கூட்டிக் குறைத்துச் சொல்வேன். போனைத் தொட்டு, கொஞ்சம் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டுச் சொல்வேன். அவள் சரி என்று எழுந்து போவாள். மலேசியா பேச்சு எடுப்பதில்லை. தோசையும் ஒன்றோடு நின்றுவிட்டது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. நாற்பத்தைந்து என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "பெரிய வியாழனும் வெள்ளியும் கிளீட்டஸுக்க ஆபீஸ் லீவுல்லா. நாப்பத்தஞ்சு எப்படி வந்துது?"

போனைக் கீழே வைத்தேன்.

அவளுக்கு முதலிலிருந்தே தெரியும் தம்பி. கிறிஸ்துமஸ் வாரம் ஏழு, எட்டு என்று வந்ததாம், நான் சொன்னதுதான், எனக்கு நினைவில்லை. கிளீட்டஸ் அம்மைநோய் கண்டு பத்து நாள் படுத்திருந்தபோது ஒன்றுமே இல்லையாம். அவள் அப்போதே புரிந்துகொண்டாள். அவனிடம் கேட்கவும் இல்லை, என்னிடம் சொல்லவும் இல்லை. அவன் எடுக்கிறான், அது அவளுக்குப் போதுமாக இருந்தது. நான் எடுத்துப்போட்டதும் தெரியும். டென்சிங் மனைவியும் அவளும் ஒரே ரேஷன் கடை. இரண்டரை மாதமாக நான் சொன்ன ஒவ்வொரு நம்பரும் பொய் என்று தெரிந்துதான் சரி, சரி என்று எழுந்து போயிருக்கிறாள்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்ப வையுங்கள் என்று மட்டும் சொன்னாள். டென்சிங்கிடம் போனேன். லேப்டாப்பில் அந்த ஃபோல்டர் இருந்தது, வைத்தான். இரண்டு புள்ளி மூன்று புள்ளி இரண்டு. ஒன்று என்பது அஜின் வைத்தது, அது இனிமேல் கிடையாது. இரண்டு என்பது நான் வைத்தது. கீழே பொடியாக இன்றைக்கு வைத்தது என்று தேதியும் வந்தது. பக்கத்தில் நம்பர் சைபர்.

டென்சிங், நான் ஒன்று எடுக்கட்டுமா அண்ணாச்சி என்றான். வேண்டாம் என்றேன். நீங்களும் வேண்டாம் தம்பி. பையை மூடுங்கள். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு அது எதற்கு? வேண்டாதவன் வீட்டில் சிலிண்டரை இறக்கி வைத்தால் அது டெலிவரியா? வேண்டியவன் எடுக்கணும். அவன் ஒருத்தனுக்குத்தான் அது வேண்டியிருந்தது.

ரெத்தினபாய் ஒரு சீட்டில் கிளீட்டஸ் அட்ரஸை எழுதி வாங்கி வைத்திருக்கிறாள். போனிலேயே சொல்லலாம், அவள் அவனோடு பேசுகிறவள்தான். சொல்லமாட்டேன் என்கிறாள். நீங்கதான் போகணும் என்கிறாள். "போய் ஒருக்கா எடுக்கச் சொல்லுங்க. ஒண்ணு போதும். ஒண்ணுன்னு வந்தா நான் பெறவு கேக்கமாட்டேன்" என்றாள். அதற்கு முன்னால் நான் வேறு ஒன்று சொல்ல வேண்டும், அது என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முப்பத்தாறு வருஷம் குடித்தனம் செய்த பிறகு எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை.

போனால் என்ன சொல்வான்? ஒன்றும் சொல்லமாட்டான். உட்காருங்க மாமா என்பான். தண்ணீர் தருவான். அதுதான் எனக்கு ஆகாது. நாலு வார்த்தை கேட்கிறவனாக இருந்தால் இதற்குள் போயிருப்பேன். சட்டையைப் பிடிக்கிறவனாக இருந்தால் முதல் வாரமே போயிருப்பேன்.

குழித்துறைப் பாலம் தாண்டிவிட்டோம். பேச்சில் மார்த்தாண்டம் போனதே தெரியவில்லை. பெரிய வண்டி, ஏசி கிடையாது, ஆனால் காற்று வருகிறது. நீங்கள் இனி ஒரு மணி நேரம் கண்ணை மூடலாம். நெய்யாற்றின்கரையில் ஆள் இறங்கும், ஜன்னல் சீட்டு கிடைக்கும்.

நானா? கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள் தம்பி, நான் இறங்க வேண்டும். இப்படிப் பாதி வழியில் இறங்குவது இது நாலாவது தடவை. வீட்டில் அவள் நேரே திருவனந்தபுரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாள். நான் டிக்கெட் இந்தக் களியக்காவிளை வரைக்கும்தான் எடுத்திருக்கிறேன்.